வயிற்றில் வரைந்த ஊதாக் கோடுகள்

அன்புள்ள தணிகாசலத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது பேச நினைத்ததை இப்போது எழுதுகிறேன். பேச முடியாமல் போனதற்கு என் உடம்பு காரணம் அல்ல. உன் மனைவி பாக்கியத்தின் பெயரை நான் எடுத்தவுடன் நீ எழுந்து ஜன்னலுக்குப் போய், கீழே நிற்கும் ரிக்‌ஷாக்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாய். அங்கே வரை கேட்கும்படி நான் குரலை உயர்த்தினால், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சிராங்கூன் அம்மாள் முனகுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். நம் வீட்டு விஷயம் அவர் மூலமாகச் சிராங்கூன் முழுவதும் போய்ச் சேருவதில் எனக்கு விருப்பமில்லை. காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டால் நீ எழுந்து போக முடியாது. என் பிள்ளை ஒரு கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

என் வியாதியின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நீ அதை உனக்கு வேண்டியபடி வரிசை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் நடந்தது நடந்தபடியே ஒரு முறை சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பாவாடை நாடா முடிச்சுப் போட எட்டவில்லை. கை கால்கள் மெலிந்துகொண்டே வர, வயிறு மட்டும் இடது பக்கம் மேடு கட்டியது. வலி கிடையாது. சாப்பாட்டில் கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதான். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். ஜோகூரில் இருந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகச் சொன்னார். வயிற்றில் புற்று என்றால் எல்லாரும் குடலை நினைப்பார்கள், இரைப்பையை நினைப்பார்கள். என்னுடையது அங்கே இல்லை. குடலுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், கொழுப்பும் தசையும் கிடக்கிற இடத்தில் அது முளைத்திருந்தது. அங்கே இடம் தாராளம் என்பதால், எதையும் நெருக்காமல் யாருக்கும் தெரியாமல் பெரிதாகும் என்று அறுவை டாக்டர் சொன்னார். அவர் வெள்ளைக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். நான் இங்கிலீஷில் பதில் சொன்னதும் உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பேசினார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

முதலில் எக்ஸ்ரே ஒளியைப் பாய்ச்சிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு வெட்டி எடுப்பது என்று முடிவாயிற்று. ஒளி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விழ வேண்டும். தள்ளி விழுந்தால் நல்ல குடல் வெந்துவிடும், கட்டி அப்படியே இருக்கும். அதனால் ஒரு இளம் டாக்டர் என் வயிற்றிலும் விலாவிலும் முதுகிலும் ஊதா நிற மருந்தைத் தூரிகையால் தொட்டுக் கட்டம் வரைந்தார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மற்ற இடங்களை ஈயத் தகட்டால் மூடுவார்கள். வரைந்து முடித்தவர், நான் திரைக்குப் பின்னால் புடவையைச் சரி செய்துகொண்டிருந்தபோது, உன்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். குளிக்கக் கூடாது, சோப்பு கூடாது, எண்ணெய், பவுடர், பற்று எதுவும் தடவக் கூடாது, துணி உராயக் கூடாது. நோயாளியிடம் சொல்ல வேண்டியதை ஆண் துணையிடம் சொல்வது இங்கே வழக்கமாக இருக்கிறது. நீ வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றபடியே சமையலறையைப் பார்த்து, "அம்மா வயித்துல தண்ணி படக்கூடாது, பாத்துக்க" என்றாய். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்டது. டாக்டர் சொன்னதே அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

அந்த ஒளி வலிப்பதில்லை. இயந்திரம் உறுமும், மேஜையில் அசையாமல் கிடக்க வேண்டும். அதை நடத்துகிற சீனர் கண்ணாடிக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, "ஜாங்கான் கெராக், நியோன்யா" என்பார், அசையாதீர்கள் அம்மா என்று. அசையாமல் கிடப்பது எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான். கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. பாலத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி வரும். இரவும் பகலும் வயிறு போகும். தோல் சிவந்து, பிறகு பழுப்பேறி, புடவை பட்டாலே எரியும். அந்த நாட்களில் பாக்கியம் எனக்குச் செய்ததை நான் இங்கே அடுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கருவாட்டு வாசனை எனக்கு ஆகவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டில் கருவாடு பொரிக்கவில்லை. உனக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அடுத்த வீட்டு அடுப்பில் பொரித்து மூடி எடுத்து வந்து உனக்குப் பரிமாறினாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். ஆண்கள் தட்டைத்தான் பார்ப்பார்கள்.

எண்ணெய் விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று வாந்தி எடுத்துக் களைத்துப் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். பாக்கியம் வந்து என் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "அத்தை, அடுப்பு மேல வெச்ச மாதிரி இருக்கு. அந்த மிஷினு சூட்டத்தான் ஏத்துது. குளிர்ச்சிக்கு எதாச்சும் வெக்கணும்" என்றாள். உடம்பு சூட்டுக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்காத தமிழ் வீடு எது? உனக்குச் சின்ன வயதில் நானே வைத்திருக்கிறேன். அவள் தொப்புளில் மட்டும் நிறுத்தாமல் எரிகிற இடமெல்லாம் தடவினாள், முதுகையும் விடவில்லை. பிறகு உன்னுடைய பழைய வேட்டித் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தாள். எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது, தூங்கிவிட்டேன். எழுந்தபோது அவள் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துணி முழுக்க ஊதா.

"மருந்துச் சாயம் வந்துருச்சு போலருக்கே அத்தை. போலாமா அது?"

"கோடு இருக்கிறதா பார்" என்றேன்.

"ஒண்ணும் காணலையே."

அடுத்த முறை போனபோது சீனர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "அலாமாக், நியோன்யா, கோடு எங்க போச்சு?" என்று மலாயில் கேட்டார். எண்ணெய் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வரைந்த டாக்டர் வராமல் விசையைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். அவர் செய்தது சரி. வரைந்த டாக்டர் பினாங்குக்கு வேலையாகப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை வைத்தியம் நின்றது. வந்து, படத்தை வைத்து அளந்து, திரும்ப வரைந்தார். முன்பு வராந்தாவில் உன்னிடம் சொன்னதையெல்லாம் இந்த முறை என்னிடமே சொன்னார். மிச்சம் இருந்த ஒளியையும் கொடுத்து முடித்தார்கள்.

சீனர் நம்மைத் திருப்பி அனுப்பிய அன்று மாலை வீட்டில் நடந்த பேச்சு எனக்கு அறையிலிருந்து தெளிவாகக் கேட்டது. "தண்ணி படக்கூடாதுன்னுதானே சொன்னேன்" என்றாய். "தண்ணி படலைங்க. எண்ணெதான் போட்டேன்" என்றாள். "எண்ணெ மட்டும் போடலாமா?" "நீங்க அத சொல்லலைங்களே." பதில் இல்லாதவன் செய்வதை நீ செய்தாய். "கடையில ஒக்காந்து துணி கிழிக்கத்தான் நீ லாயக்கு" என்றாய். தங்காக்கில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் என்று தெரிந்து, ஜாதகம் பார்த்து, சம்மதித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாய். அது அன்று திடீரென்று ஒரு குறையாகிவிட்டது.

பிறகு அறுவை நடந்தது. முற்றின தேங்காய் அளவுக்கு ஒன்றை எடுத்தார்கள். நான் எழுந்து நடந்தேன், பேத்தி பிறந்ததைப் பார்த்தேன், கும்பாபிஷேகத்துக்குப் போய்வந்தேன். அந்த நல்ல காலத்தில் நீ எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வருஷம் டாக்டர் மறுபடியும் தொட்டுப் பார்த்து, திரும்ப வந்திருக்கிறது என்று சொன்னார். அன்று வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பாக்கியத்திடம், "அன்னைக்கு நீ தடவுன எண்ணெ இன்னைக்கு வந்து நிக்குது" என்றாய். அவள் கையில் ரசக் கரண்டி இருந்தது. உனக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்காக்குக்கு ரயில் ஏறினாள். நீ அக்கம்பக்கத்தில், அவள் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள், அதற்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தாய். அந்தத் தம்பி இன்னும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான் என்பது தெருவுக்கே தெரியும்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன வாரம் அறுவை டாக்டர் தனியாக வந்தபோது நான் அவரிடம் நேரடியாகக் கேட்டேன். கோடு அழிந்து வைத்தியம் நின்றுபோனதே, அதனால்தான் இது திரும்ப வந்ததா? அவர் கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். யோசித்துச் சொல்கிறவரை நான் நம்புவேன். அவர் சொன்னது இது. இந்த வகைக் கட்டிக்கு மேலே ஒரு தோல் இருப்பதுபோலத் தெரியும். அது வேலி அல்ல. அதற்கு வெளியேயும் கண்ணுக்குத் தெரியாத வேர் போயிருக்கும். கையில் காலில் வந்தால் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து வெட்டலாம். வயிற்றுக்குள் ஒரு பக்கம் பெரிய ரத்தக் குழாய், ஒரு பக்கம் சிறுநீரகம், எங்கே கத்தியை அகலமாக வைப்பது? அன்று இடது சிறுநீரகத்தின் உறையில் ஒட்டியிருந்ததை அவர் சுரண்டித்தான் எடுத்தார், சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்று. இப்போது சரியாக அந்த இடத்தில்தான் வந்திருக்கிறது. "ஒருவரைக் குறை சொல்ல வேண்டும் என்றால் என் கையிலிருந்து தொடங்குங்கள்" என்றார்.

நான் அதோடு விடவில்லை. இடையில் நின்ற நாட்களால் ஒன்றுமே கெடவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். தோல் புண்ணானாலோ ரத்தம் குறைந்தாலோ தாங்களே அதைவிட அதிக நாள் நிறுத்தி வைப்பதுண்டு என்றும், நிறுத்தாதவர்களுக்கும் திரும்ப வந்திருக்கிறது என்றும், ஆனாலும் ஒருவர் விஷயத்தில் எது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். உனக்குச் சாதகமாக இருக்கிற இந்தப் பாதியையும் நான் மறைக்காமல் எழுதுகிறேன். விடை இல்லாத கேள்வி என்றால் அதை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று நீ நினைப்பாய். விடை இல்லை என்பதாலேயே கட்டக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்து வந்த நினைப்பு அல்ல. காஹாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் உன் அப்பா பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டு சிறுநீர் கறுத்துப் போனது. உன் அத்தை வீட்டிலேயே வைத்துக் கஷாயம் கொடுக்கலாம் என்றார். நான் தோட்டத்து லாரியில் படுக்க வைத்துக் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே போய் இறந்தார். காரியம் முடிந்த அன்று, வந்திருந்த பெண்கள் எல்லார் முன்னாலும் உன் அத்தை, "வீட்டோட வெச்சிருந்தா பொழச்சிருப்பான் எந்தம்பி. இங்கிலீசு படிச்சவ லாரியில ஏத்திக் குலுக்கிக் கொன்னுட்டா" என்றார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். உள்ளே இருந்து ஓடிவந்து, "எங்கம்மாவ அப்படி சொல்லாதீங்க அத்தை" என்று கத்தினாய். எனக்கு ஆதரவாகப் பேசியது நீ ஒருவன்தான். வீட்டில் வைத்திருந்தாலும் போயிருப்பார் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை, இன்றுவரை முடியாது. அதனால் அந்தப் பழி போகவே இல்லை. கல்யாண வீடுகளில் எனக்குக் குங்குமம் நீட்டாததற்குக் காரணம் நான் விதவை என்பதுதான். ஆனால் உன் அத்தை இருக்கும் பந்தலில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் வேறு. அந்தப் பெண்களுக்கு நான் இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்கலாம், தமிழில் சொல்லியிருக்கலாம். எதிலும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பாக்கியத்தின் மேல் எனக்குள்ள பிரியத்தால் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவள் குழம்பில் உப்புத் தூக்கலாக இருக்கும். படுக்கை விரிப்பை மூலை மடிக்காமல் சுருட்டிச் செருகுவாள், எத்தனை முறை காட்டிக்கொடுத்தாலும் அப்படித்தான். நான் பேசி முடிப்பதற்குள் "ஆமாங்க அத்தை" என்பாள், அது எனக்கு எரிச்சல். உனக்கு இதைவிடப் படித்த பெண் கிடைத்திருப்பாள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஆனால் நியாயம் என்பது நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் செய்வது அல்ல. அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை அவளுக்குத் தெரிந்த காரணத்துக்காகச் செய்தாள். அவளிடம் சொல்லப்பட்ட கட்டளையை மீறவில்லை. தண்ணீர் படவில்லை. டாக்டர் சொன்னதில் முக்கால் பங்கை வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்தவன் நீ. நான் உன்னைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மனிதன் அப்படித்தான் சொல்வான். நீ உனக்குக் கொடுத்துக்கொள்கிற அந்தச் சலுகையை அவளுக்கும் கொடு என்கிறேன்.

இந்த முறை எக்ஸ்ரே வைத்தியம் கிடையாது. என் தோலும் குடலும் தாங்கக்கூடியதை ஏற்கெனவே வாங்கிவிட்டன. வெட்டுவது மட்டும்தான், இடது சிறுநீரகத்தையும் சேர்த்து. ஊசியில் மருந்து ஏற்றிப் படம் எடுத்து, வலது பக்கத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டார்கள். மேஜையிலேயே போய்விடலாம் என்பதையும் டாக்டர் சொன்னார். எழுந்தால் சில வருஷங்கள் கிடைக்கலாம், பிறகு மறுபடியும் வரலாம். நான் சம்மதித்துவிட்டேன். நீ அழுது என்னைச் சம்மதிக்க வைத்ததாகச் சிராங்கூன் அம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மையல்ல. கணக்காக யோசித்துத்தான் சம்மதித்தேன்.

ஆனால் இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது, அம்மா, என்றார். தங்காக்கிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றேன். அடுத்த வியாழக்கிழமை வரை பொறுப்பதாகவும் அதற்கு மேல் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காரணத்தைப் புரிந்துகொள். நான் மேஜையில் இறந்துபோனால், நீ சோற்றுக்கு முன்னால் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சும். உன் அத்தை இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். என் காரியத்தன்று அந்த வாக்கியத்தை யார் எடுத்துச் சொல்வார் என்று உனக்கே தெரியும். பிறகு பாக்கியம் எந்த டாக்டரிடம் போய்க் கேட்பாள்? எந்த மொழியில் கேட்பாள்? உன் மகள் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்வாள். டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்னபடியே, கோடு அழிந்த உடம்புக்குச் சொந்தக்காரி, தன் வாயால், உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் சொல்ல வேண்டும். அது நான் உயிரோடு இருக்கும்போதுதான் முடியும். அதைச் சொல்லாமல் நான் அந்த மேஜையில் ஏறுவதாக இல்லை.

நான் ஆள் அனுப்பிப் பார்த்தேன். அவள் அப்பா மரியாதையாகத்தான் பதில் சொல்லி அனுப்பினார். "சம்மந்தியம்மா கூப்பிட்டது பெரிய வார்த்தை. ஆனா மாப்பிள்ளை வந்து கூப்பிட்டாத்தான் பொண்ண அனுப்ப முடியும்." அவர் சொல்வது முறை. போக வைத்தவன்தான் போய்க் கூப்பிட வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை லீவு கேள். சிகாமட் வரை ரயில், அங்கிருந்து பஸ். கடையில் ஆட்கள் இருந்தால் வெளியே காத்திருக்காதே. உன் மாமனாருக்கு மருமகன் தெருவில் நிற்பது அவமானம். உள்ளே போ. காப்பி கொடுத்தால் குடி. நேராக அவளிடம் பேசு, அவள் அப்பாவிடம் பேசிவிட்டு வந்துவிடாதே. நீ சுற்றி வளைத்துப் பேசுகிறவன், அதை ரயிலிலேயே விட்டுவிட்டுப் போ. என் மேல் பழி போட்டு, "அம்மா கூப்புடுறாங்க" என்று மட்டும் சொல்லாதே. அதற்கு அவள் வந்துவிடுவாள், அதனால்தான் சொல்லாதே என்கிறேன். நீ கூப்பிட்டதாக அவள் வர வேண்டும்.

குழந்தையை இங்கே உள்ளே விட மாட்டார்கள். ஜோகூரில் அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இந்த வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாற்காலிதான் போடுகிறார்கள். அதில் அவள் உட்காரட்டும். நீ நின்றுகொண்டு கேள்.

இப்படிக்கு,
அம்மா